பழைய ரேசர், புதிய பிளேடு: சேஃப்டி ரேசருக்கு மாறுகிறவர்களுக்கு

பரணில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் அப்பாவின் ஷேவிங் செட்: முடி கொட்டிப்போன பிரஷ், பாதி கரைந்த படிகாரக் கட்டி, ஓரமெல்லாம் பச்சை பிடித்த ஒரு ரேசர். இதை எடுத்துக் கழுவிப் பார்த்துவிட்டு, “இன்னும் இதில் ஷேவ் செய்யலாமா?” என்று கேட்கிறவர்கள் ஒரு பக்கம். பல பிளேடு பதித்த மாற்றுத் தலையான கார்ட்ரிட்ஜின் விலையைப் பார்த்து மலைத்துப்போய், “இரண்டு பக்கமும் கூரான பிளேடு போடுகிற சேஃப்டி ரேசருக்கே மாறிவிடலாம் போலிருக்கிறது, எதை வாங்குவது?” என்று கேட்கிறவர்கள் இன்னொரு பக்கம். இருவருக்கும் சேர்த்துத்தான் இது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரேசர் எவ்வளவு பழசாகவும் இருக்கலாம், பிளேடு புதிதாக இருக்க வேண்டும். வீட்டில் நல்ல நிலையில் பழைய ரேசர் கிடந்தால் அதிலேயே தொடங்குங்கள். கிடக்கவில்லையென்றால் முதல் ரேசராகப் புதிது ஒன்று, அதிலும் தோலைக் கடிக்காத சாதுவானதாகப் பார்த்து வாங்குங்கள். பழசைத் தேடி அலைவதை ஆறு மாதம் தள்ளிப்போடலாம். எது வாங்கினாலும் முதல் மூன்று மாதம் ரேசரை மாற்றாமல் பிளேடை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

ரேசருக்குள் என்ன நடக்கிறது

பாஸ்டனில் கிங் கேம்ப் ஜில்லட் என்ற விற்பனைப் பிரதிநிதிக்கு ஒரு யோசனை: சாணை பிடிக்கவே தேவையில்லாமல், மழுங்கியதும் தூக்கி எறியக்கூடிய மெல்லிய பிளேடு. அவ்வளவு மெல்லிய எஃகைக் கோணாமல் கடினப்படுத்த வழி கண்டவர் வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர். 1903-ல் விற்பனைக்கு வந்தபோது அந்த ஆண்டு முழுவதும் போனது 51 ரேசர், 168 பிளேடு. அடுத்த ஆண்டே ரேசர் விற்பனை 90,000-ஐத் தாண்டியது. அன்று செய்த ரேசர் இன்று உங்கள் கையில் கிடைத்தால், தெருமுனைக் கடையில் வாங்கிய பிளேடை அதில் போட்டு ஷேவ் செய்யலாம். பிளேடின் நடுத்துளையின் வடிவம் மாறியிருக்கிறது, ஆனால் இன்றைய நீளத் துளை அந்தக் காலத்து ரேசர் தலையின் மூன்று முளைகளுக்கும் இடம் கொடுக்கும்.

பிளேடு சுமார் 43 மில்லிமீட்டர் நீளம், 22 மில்லிமீட்டர் அகலம், 0.1 மில்லிமீட்டர் தடிமன். கையில் பிடித்தால் வளைந்து ஆடும். அப்படியே முகத்தில் வைத்தால் அதிர்ந்து அதிர்ந்து தோலைக் கிழிக்கும். அதனால் ரேசரின் தலை அதை வளைத்து இறுக்குகிறது. மேலே வளைவான மூடி, கீழே அடித்தட்டு, நடுவில் பிளேடு. கைப்பிடியைத் திருகத் திருக பிளேடு மூடியின் வளைவோடு படிந்து விறைப்பாகிறது. விளிம்பு மட்டும் எட்டிப் பார்க்கிறது.

எவ்வளவு எட்டிப் பார்க்கிறது, அடித்தட்டின் காப்புப் பட்டைக்கும் அதற்கும் இடைவெளி எவ்வளவு என்ற இரண்டு கணக்கில்தான் ஒரு ரேசரின் சுபாவம் இருக்கிறது. இடைவெளி அரை மில்லிமீட்டர் பக்கம் என்றால் பெரும்பாலும் சாது. ஒரு மில்லிமீட்டரை நெருங்கினால் முரடு. வாங்குகிறவர்கள் இடைவெளி எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்வது ஒரு பொதுவான தவறு. ஒரே இடைவெளி உள்ள இரண்டு ரேசர்களில், விளிம்பு சற்றே வெளியே நீட்டியிருப்பது கடிக்கும். உள்ளடங்கி இருப்பது கடிக்காது.

காப்புப் பட்டை நேர்க்கோடாக இருந்தால் அது பட்டை ரேசர். சீப்புப் பல் மாதிரி இருந்தால் சீப்பு ரேசர். சீப்புப் பல் நுரையை வழித்துத் தள்ளாமல் முடியோடு பிளேடுவரை வரவிடும். நாலைந்து நாள் தாடியை எடுக்கிறவர்களுக்கு அது வசதி. தினமும் ஷேவ் செய்கிறவருக்குப் பட்டையே போதும்.

முதல் வேலை: எந்த வகை பிளேடு என்று பாருங்கள்

பழைய ரேசர் எல்லாமே இரட்டை விளிம்பு பிளேடு எடுக்கும் என்று நினைத்து ஏமாறாதீர்கள். ரோல்ஸ் ரேசர் என்று இங்கிலாந்தில் செய்த ஒன்று உண்டு. நிக்கல் பூசிய சோப்புப் பெட்டி போல அழகாக இருக்கும். அதன் பிளேடு தடித்த தனி ரகம், அந்தப் பெட்டிக்குள்ளேயே சாணைக்கல்லும் தோல்பட்டையும் வைத்துத் தீட்டிக்கொள்ள வேண்டும். ஜெம், எவர்-ரெடி எல்லாம் ஒரு பக்கம் மட்டும் கூரான பிளேடு. ஷிக் இன்ஜெக்டர் வேறு குடும்பம். ஜில்லட்டே 1960-களில் டெக்மேட்டிக் என்று பிளேடு நாடாவைச் சுருட்டி வைத்த ஒன்றை விற்றது. இவையெல்லாம் அலமாரியில் வைத்துப் பார்க்க நன்றாக இருக்கும். முதல் ரேசராக வேண்டாம்.

தலையைத் திறந்து பார்த்தால் நடுவில் முளைகளோ நீளத் தண்டோ இருந்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் நமக்கு வேண்டியது அதுதான். ஒரு புது பிளேடை வைத்துப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

பழசில் என்ன சிறப்பு, எங்கே சிக்கல்

பழைய ரேசர்களின் மேல் எனக்கு மோகம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். பெரும்பாலானவை பித்தளையில் செய்து நிக்கல் பூசியவை. கீழே விழுந்தால் நசுங்கலாம், லேசில் உடையாது. 1930-களின் கடைசியில் வந்த ஜில்லட் டெக் மூடி, அடித்தட்டு, கைப்பிடி என்று மூன்று துண்டாகக் கழலும் பட்டை ரேசர், பரம சாது. பல நாடுகளில் பல பத்தாண்டுகள் செய்யப்பட்டது. எங்கள் வீட்டுப் பெட்டியில் கிடைத்ததும் அதுதான், இங்கிலாந்துத் தயாரிப்பு. தொடக்கக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான பழைய ரேசர் எனக்குத் தெரியாது. அசையும் உறுப்பே இல்லாததால் கெட்டுப்போகவும் ஒன்றுமில்லை.

அடுத்தது 1940-களின் பிற்பகுதியில் வந்த சூப்பர் ஸ்பீட். கைப்பிடியின் அடியில் இருக்கும் குமிழைத் திருகினால் தலையின் இரண்டு கதவுகளும் வண்ணத்துப்பூச்சி போல விரியும், பிளேடை வைத்து மூடினால் முடிந்தது. 1950-களின் நடுவில் இதன் குமிழுக்குச் சிவப்பு, நீலம் என்று நிறம் கொடுத்தார்கள். நீலம் மென்மையான தோலுக்கு, சிவப்பு முரட்டுத் தாடிக்கு. கடையில் சிவப்பு நுனியைப் பார்த்து அழகில் மயங்கி எடுத்துவிடாதீர்கள்.

அப்புறம் எல்லோரும் பேசும் அட்ஜஸ்டபிள். 1958 முதல் 1961 வரை வந்த 195 என்ற மாடல், விலை 1.95 டாலர், அதுவே பெயராகிவிட்டது. கைப்பிடி குண்டாக இருப்பதால் சேகரிப்பவர்கள் வைத்த பட்டப்பெயர் ஃபேட்பாய். கழுத்தில் இருக்கும் வளையத்தை 1-லிருந்து 9 வரை திருப்பினால் அடித்தட்டு ஏறி இறங்கி இடைவெளி மாறும். அதற்கடுத்து 1961-ல் வந்த ஸ்லிம் இன்னும் மெலிதான கைப்பிடி. ஒரே ரேசரில் சாதுவும் முரடும் கிடைப்பது நல்ல விஷயம்தான். ஆனால் உள்ளே ஸ்பிரிங்கும் பல நகரும் பாகங்களும் உண்டு, அறுபது ஆண்டு சோப்பு அழுக்கும் உண்டு.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். இணையத்தில் ஒருவரிடம் அப்படி ஒரு அட்ஜஸ்டபிள் வாங்கினேன். படத்தில் பளபளவென்று இருந்தது. முதல் ஷேவிலேயே கழுத்தில் இரண்டு கீறல். நம் கைதான் சரியில்லை என்று ஒரு வாரம் பொறுமையாகப் பழகினேன். கீறல் எப்போதும் ரேசரின் ஒரே பக்கத்தில்தான் வருகிறது என்பது அப்புறம்தான் உறைத்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒரு கதவு முழுதாகப் படியவே இல்லை. எப்போதோ விழுந்து வளைந்திருக்கிறது. பிளேடு அந்தப் பக்கம் துருத்திக்கொண்டு நின்றது. படத்தைப் பார்த்து ரேசர் வாங்கினால் இதுதான் ஆபத்து: பளபளப்பு தெரியும், கோணல் தெரியாது. பழகிய கை அதை முதல் நாளே கண்டுபிடித்திருக்கும், புதுக் கைக்குத் தன் தவறு எது, ரேசரின் தவறு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. முதலில் புதிது வாங்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

அமெரிக்காவில் செய்த ஜில்லட்டுகளின் வயதைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி உண்டு. 1950-களிலிருந்து வந்தவற்றில் தலையின் அடியில் ஒரு எழுத்தும் ஒரு எண்ணும் பொறித்திருக்கும். எழுத்து ஆண்டு, எண் காலாண்டு. E4 என்றால் 1959-ன் கடைசிக் காலாண்டு. L1 என்றால் 1966-ன் முதல் காலாண்டு. விற்பவர் “நூறு வருஷப் பழசு சார்” என்று சொல்லும்போது திருப்பிப் பார்க்க உதவும்.

பழசைக் கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை

ஒரு புது பிளேடைப் போட்டு இறுக்குங்கள். ரேசரைக் கண் மட்டத்தில் பிடித்து, தலையின் குறுகிய பக்கத்திலிருந்து பாருங்கள். இரண்டு விளிம்பும் ஒரே அளவு நீட்டியிருக்க வேண்டும். பிறகு நீளப் பக்கத்தைப் பாருங்கள். விளிம்பு காப்புப் பட்டைக்கு இணையாக ஓட வேண்டும், ஒரு முனையில் அகன்று மறுமுனையில் ஒடுங்கினால் எங்கோ வளைந்திருக்கிறது. மூன்று துண்டு ரேசரில் பிளேடைக் கழற்றித் திருப்பிப் போட்டுப் பார்த்தும் அதே கோணல் அதே பக்கம் இருந்தால் குற்றம் ரேசருடையது, பிளேடுடையது இல்லை.

சீப்பு ரேசரில் பற்களை எண்ணுங்கள், ஒன்றாவது வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே வெற்றிடமாக இருக்கும் மிகப் பழைய கைப்பிடிகளில் நீளவாக்கில் விரிசல் விடும். திருகும்போது கைப்பிடி நின்ற இடத்திலேயே சுற்றினால் அது வெடித்திருக்கிறது என்று அர்த்தம். பூச்சு தேய்ந்து பித்தளை தெரிவது அழகுக் குறைவு மட்டும்தான், ஷேவுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாகக் குழி விழுந்து பொரிந்திருந்தால் அது பித்தளையே இல்லை, துத்தநாகக் கலவை. அரிப்பு உள்ளே இறங்கிவிட்டது. விட்டுவிடுங்கள்.

சுத்தம் செய்வதில் நம் வீடுகளில் நடக்கும் ஒரு விபத்தைச் சொல்ல வேண்டும். பித்தளை என்று கேட்டதும் அம்மாவோ மாமியாரோ புளியைக் கரைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். வேண்டாம். குத்துவிளக்குக்குப் புளி சரி. நிக்கல் பூச்சு உள்ள ரேசருக்குப் புளியும் பாத்திரப் பொடியும் ஆகாது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவத்தை இரண்டு சொட்டு விட்டு, ரேசரை அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய டூத்பிரஷால் தேயுங்கள். பச்சையும் சோப்புப் படிவும் பெரும்பாலும் இதிலேயே போய்விடும். போகாவிட்டால் இன்னொரு முறை ஊறப்போடுங்கள், அவசரமில்லை. தங்கப் பூச்சு உள்ளதைத் தேய்க்கவே தேய்க்காதீர்கள், பூச்சு மிக மெல்லியது. கடைசியில் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து உலரவிட்டால் கிருமி பற்றிய கவலையும் தீர்ந்தது. தாத்தாவோடது என்றாலும் இதைச் செய்துவிடுங்கள்.

புதிதாக வாங்குவதென்றால்

புது ரேசர்கள் மூன்று ரக உலோகத்தில் வருகின்றன. பெரும்பாலானவை துத்தநாகக் கலவையில் வார்த்துக் குரோமியம் பூசியவை. விலை குறைவு, பூச்சு உள்ளவரை நன்றாக இருக்கும். கல் தரையில் விழுந்தால் திருகாணித் தண்டு பட்டென்று முறியலாம். அடுத்தது அலுமினியம், இலேசானது. மூன்றாவது துருப்பிடிக்காத எஃகு. விலை அதிகம், ஆனால் பேரனுக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

ஜெர்மனியின் ஸோலிங்கன் ஊரில் செய்யும் மெர்க்குர் 34சி பல காலமாகத் தொடக்கக்காரர்களுக்குச் சொல்லப்படும் ரேசர்: குட்டைக் கைப்பிடி, கனமான தலை, நடுத்தரச் சாது. மூலே ஆர்89-ம் இங்கிலாந்தின் எட்வின் ஜாகர் டிஇ89-ம் தலை ஒன்றே, கைப்பிடிதான் வேறு; இரண்டில் எது மலிவாகக் கிடைக்கிறதோ அதை எடுக்கலாம். அதே மூலே கம்பெனியின் ஆர்41 பெயரில் பக்கத்துவீட்டுக்காரன், குணத்தில் நேர்எதிர். சீப்பு ரேசர், மகா முரடு. ஒரு எண்ணைத் தவறாகப் படித்து அதை வரவழைத்து முதல் நாளே கண்ணீர் விட்டவர்கள் உண்டு. கனடாவின் ஹென்சன் அலுமினியத்தில் கடைந்து செய்வது, விளிம்பு மிகக் கொஞ்சமாகத்தான் வெளியே நீட்டும், கோணம் தானாகவே அமைந்துவிடும். கை நடுங்குகிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். ராக்வெல் 6எஸ்-ல் 1 முதல் 6 வரை அடித்தட்டுகளே மாற்றிக்கொள்ளலாம். 2-ல் ஆரம்பித்து மெல்ல ஏறலாம்.

நம் நாட்டில் செய்வதும் உண்டு. பார்க்கர் என்ற பெயரில் வெளிநாடுகளில் விற்கும் ரேசர்கள் இந்தியாவில்தான் தயாராகின்றன. பேர்ல் இந்தியப் பெயர்தான். கப்பல் கூலியும் சுங்க வரியும் சேர்த்துக் கணக்குப் போட்டால், முதல் ரேசருக்கு இங்கே கிடைப்பதை வாங்குவதே புத்திசாலித்தனம். எதுவானாலும் மூன்று துண்டாகக் கழலுவதாகப் பாருங்கள். கழுவ எளிது, பழுதாக ஒன்றுமில்லை, நாளைக்குக் கைப்பிடி பிடிக்கவில்லையென்றால் அதை மட்டும் மாற்றலாம்.

கைப்பிடி நீளம் பற்றி நிறையப் பேசுவார்கள். கார்ட்ரிட்ஜிலிருந்து வருகிறவருக்கு நீளக் கைப்பிடி பழக்கமானதாக இருக்கும், அவ்வளவே. எனக்குக் குட்டைதான் வசதி.

பிளேடு: ஆட்டம் இங்கேதான்

தமிழில் யாராவது பேசியே கழுத்தறுத்தால் “பிளேடு போடுகிறான்” என்போம். அந்தச் சொல் வந்த காலத்துப் பிளேடு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1960-களுக்கு முன் பிளேடுகள் கார்பன் எஃகு. இரண்டு மூன்று ஷேவில் மழுங்கும், ஈரம் பட்டால் மறுநாளே துரு. 1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் வில்கின்சன் ஸ்வோர்ட் கம்பெனி துருப்பிடிக்காத எஃகில், விளிம்பில் வழவழப்பான பாலிமர் பூச்சோடு பிளேடு கொண்டுவந்தது. ஒட்டாத தோசைக்கல்லில் இருக்கும் அதே ரகப் பூச்சுதான். உலகச் சந்தையை ஆண்டுகொண்டிருந்த ஜில்லட் ஆடிப்போய், 1963-ல் தானும் அதே வழிக்கு வந்தது. இன்று கவரில் “பிளாட்டினம்” என்று போட்டிருப்பதும் விளிம்பில் உள்ள மெல்லிய பூச்சைத்தான் குறிக்கிறது.

அதனால் பழைய ரேசரோடு சேர்ந்து வரும் பிரிக்காத பழைய பிளேடு பொட்டலத்தை நினைவுப்பொருளாக வையுங்கள். முகத்தில் வைக்காதீர்கள். காகிதத்துக்குள்ளேயே துருப்பிடித்திருக்கலாம், துரு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விளிம்பு போயிருக்கும். பழைய ரேசர்கள் இன்று நன்றாக வேலை செய்வதற்குப் பாதிக் காரணம், அவை அன்று கண்டிராத பிளேடு இன்று கிடைப்பதுதான்.

எந்த பிளேடு நல்லது என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. ஒருவருக்குப் பட்டுப்போல ஓடுவது இன்னொருவருக்கு இழுத்துப் பிடுங்கும். தாடியின் தடிமன், தோலின் தன்மை, ரேசரின் தலை மூன்றும் சேர்ந்து முடிவாகிற விஷயம். பொதுவாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: ஜப்பானின் ஃபெதர் கூருக்குப் பெயர்போனது, முரட்டு ரேசரோடு அதைச் சேர்த்துத் தொடங்காதீர்கள். துருக்கியின் டெர்பி சாது, அடர்ந்த தாடிக்காரர்கள் சிலருக்கு இழுக்கும். ஆஸ்ட்ரா பச்சைக் கவர் நடுவில் நிற்கிறது. நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் செவன் ஓ க்ளாக், சூப்பர்மேக்ஸ், டோபாஸ், லேசர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வெளிநாட்டு பிளேடுக்குப் போங்கள். நான் ஐந்தாறு நாடுகளின் பிளேடு சுற்றிவிட்டு, அண்ணாச்சி கடையில் தொங்கும் செவன் ஓ க்ளாக்கிலேயே வந்து நின்றேன். அண்ணாச்சியிடம் சொன்னால் சிரிப்பார் என்று சொல்லவில்லை.

சோதிக்கும் முறை இது. மூன்று பெயர்களைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று சாது, ஒன்று நடுத்தரம், ஒன்று கூர். ரேசர், க்ரீம், ஷேவ் செய்யும் நேரம் எதையும் மாற்றாதீர்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு பிளேடு, ஒவ்வொரு பிளேடிலும் மூன்று நான்கு ஷேவ். காலண்டர் தாளில் ஒரு சொல் எழுதினால் போதும்: இழுத்தது, எரிந்தது, நன்று. ஒரே பிளேடை வைத்து முடிவு செய்ய வேண்டாம், ஒரு பொட்டலத்திலேயே சற்று முன்னே பின்னே இருக்கும். முதல் ஷேவைவிட இரண்டாவது ஷேவ் மென்மையாக இருப்பதையும் சில பிளேடுகளில் கவனிப்பீர்கள்.

எத்தனை ஷேவுக்கு ஒரு பிளேடு? மூன்றிலிருந்து ஆறு. இழுக்க ஆரம்பித்தால் மாற்றுங்கள், எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு இருக்காதீர்கள். எஃகைவிடச் சுமார் ஐம்பது மடங்கு மென்மையான முடி எப்படி எஃகை மழுங்கடிக்கிறது என்று அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் பார்த்தார்கள். விளிம்பு சீராகத் தேய்வதில்லை. முடி சாய்வாக வந்து மோதும்போது, எஃகின் நுண்ணமைப்பு சீரற்று இருக்கும் இடங்களில் சின்னச் சின்னச் சில்லாகப் பெயர்கிறது. ஷேவ் முடிந்ததும் பிளேடைத் துணியால் துடைக்காதீர்கள். விளிம்பும் கெடும், விரலும் கெடும். அலசி, உதறி, காற்றோட்டமாக வைத்தால் போதும்.

முதல் ஷேவ்

பிளேடைக் குறுகிய முனைகளில் பிடித்து வையுங்கள், நீள விளிம்பைத் தொடவே தொடாதீர்கள். இறுக்கியதும் இரண்டு பக்கமும் சமமாக நீட்டியிருக்கிறதா என்று ஒரு பார்வை.

குளித்தபின் ஷேவ் செய்வது நல்லது. இல்லாவிட்டால் இரண்டு மூன்று நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரால் முகத்தை நனைத்துக்கொண்டே இருங்கள். முடி தண்ணீரை உறிஞ்சி இளகும். பிரஷால் நுரை கட்டுங்கள். சென்னையிலும் கடலோர ஊர்களிலும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஷேவிங் சோப்பு நுரைக்கவே நுரைக்காது. சோப்பைக் குற்றம் சொல்லாதீர்கள், உப்பும் கடினத்தன்மையும் செய்கிற வேலை அது. ஒரு டம்ளர் குடிதண்ணீர் எடுத்து நுரை கட்டிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். ரேசரில் வெள்ளை வெள்ளையாகப் படிவதும் அதே தண்ணீரால்தான். கடைசி அலசலையும் நல்ல தண்ணீரில் செய்தால் படிவு குறையும்.

கோணம் பிடிக்க எளிய வழி: ரேசரின் மூடி கன்னத்தில் தட்டையாகப் படும்படி வையுங்கள், கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மெல்ல மெல்லக் கைப்பிடியைக் கீழே இறக்குங்கள். பிளேடு தோலைத் தொட்டு வெட்ட ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஏறக்குறைய 30 பாகை. பாகைமானி வேண்டாம், காதை நம்பலாம். சரியான கோணத்தில் “சர் சர்” என்று முடி வெட்டுப்படும் ஓசை கேட்கும். சலூனில் பிளேடை நீளவாக்கில் இரண்டாக உடைத்துக் கத்தியில் சொருகி ஷேவ் செய்வதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கத்திக்குக் காப்புப் பட்டை கிடையாது, அந்தக் கை வருடக்கணக்கில் பழகியது. அவர் பிடிக்கும் கோணத்தையும் வேகத்தையும் இதில் முயற்சி செய்யாதீர்கள்.

அழுத்தாதீர்கள். கார்ட்ரிட்ஜிலிருந்து வருகிறவர்கள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி இதுதான். ரேசரின் கனமே வெட்டும், நீங்கள் வழிகாட்டினால் போதும். ஒரு அங்குலம், இரண்டு அங்குலம் என்று சின்னச் சின்ன இழுப்பு, அடிக்கடி அலசல். முதல் நாளைக்கு முன்பே விரலால் தாடியைத் தடவி முடி எந்தப் பக்கம் படுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கன்னத்தில் கீழ்நோக்கி இருக்கும் முடி கழுத்தில் பக்கவாட்டிலோ மேல்நோக்கியோகூட இருக்கலாம். முடியின் போக்கில் ஒருமுறை. திரும்ப நுரை போட்டுக் குறுக்காக ஒருமுறை. முதல் மாதம் எதிர்வாக்கில் போக வேண்டாம். சுருள்முடிக்காரர்களுக்கு எதிர்வாக்கில் மழித்தால் முடி தோலுக்குள்ளேயே வளர்ந்து கொப்புளமாகும், அவர்கள் எப்போதுமே தவிர்ப்பது நல்லது. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாறுங்கள்.

கடைசியில் குளிர்ந்த தண்ணீர், ஈரத்தோடு படிகாரம். படிகாரம் சும்மா இரத்தத்தை நிறுத்தும் கட்டி மட்டும் கிடையாது, உங்கள் வாத்தியார். எங்கே சுரீர் என்கிறதோ அங்கே அழுத்தியிருக்கிறீர்கள். எனக்கு முதல் இரண்டு வாரம் தாடைக்குக் கீழே முழுவதும் சுரீர்.

தேய்ந்த பிளேடை என்ன செய்வது

அமெரிக்காவில் அந்தக் காலத்து வீடுகளில் குளியலறை மருந்து அலமாரியின் பின்னால் ஒரு துளை வைத்திருப்பார்கள், பழைய பிளேடைப் போட. அது சுவருக்குள் விழுந்துவிடும், அவ்வளவுதான் ஏற்பாடு. சுவரை இடிக்கும்போது கொட்டுகிறது. நம் ஊரில் குப்பையைக் கையால் பிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பிளேடை அப்படியே பையில் போட்டால் அவர்கள் கையில்தான் போய் நிற்கும். மூடி இறுகலான ஒரு தகர டப்பாவை எடுத்து, மூடியில் பிளேடு நுழையும் அளவுக்குக் கத்தியால் ஒரு கீறல் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள். நிறைந்ததும் டப்பாவோடு பழைய இரும்புக் கடையில் கொடுத்து, உள்ளே என்ன என்று சொல்லிவிடுங்கள்.

ஒரே பிளேடை வீட்டில் இரண்டு பேர் பயன்படுத்துவது கூடவே கூடாது, மஞ்சள் காமாலை வைரஸ் பரவ அந்தச் சின்னக் கீறல் போதும். விமானத்தில் போகிறவர்கள் பிளேடைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். சரக்குப் பெட்டியில் வையுங்கள், அல்லது போய்ச் சேரும் ஊரில் வாங்கிக்கொள்ளுங்கள்.

என் டப்பா ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் உயரம் இருக்கும். நான்கு வருடமாகப் போடுகிறேன், குலுக்கினால் இன்னும் கால்வாசிகூட நிறைந்த சத்தம் வரவில்லை.